திரும்பி வந்த டப்பாக்கள்

மே 14, வியாழன். பெக்கான் நானாஸ்.

மருமகள் கலா அன்னாசி ஊறுகாய்த் தொழில் தொடங்கப்போகிறாள். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், ருசி எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வேலையை என்னிடம் தந்தாள். இருபது வீடுகளுக்கு டப்பா கொடுத்தேன். பிடித்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சர்க்கரையோ வாழைப்பழமோ வைத்து டப்பா திரும்பி வந்தால், பட்டியலில் 'பிடித்தது' என்று எழுதினேன். இருபதும் அப்படித்தான் வந்தன.

இன்று மாலை எதிர்வீட்டு ராணியைப் பார்த்து, "ஊறுகா புடிச்சதுல ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அலமாக், சார்! வெறும் டப்பாவையா திருப்பிக் குடுப்பாங்க? ஒரே கசப்பு லா. எங்க வீட்டுல யாரும் தொடல."

எனக்குத் தெரியாத வழக்கமா? என் வீட்டிலிருந்தும் எந்தப் பாத்திரமும் வெறுமனே போனதில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான்.

வீடு திரும்பினால், கலா பட்டியலோடு நிற்கிறாள். "இருபதுக்கு இருபது, மாமா! நாளைக்கே சிங்கப்பூர் வேலைய விடுறேன்னு லெட்டர் குடுத்துடுறேன்." நான் தலையாட்டினேன். தலையாட்டியிருக்கக் கூடாது.

இப்போது எல்லா 'பிடித்தது'களையும் அடித்து, 'கேட்கவில்லை' என்று எழுதிவிட்டேன். ராணிக்கு நேரே மட்டும் 'கசப்பு'. கலா விடிகாலை நாலரைக்கு சிங்கப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்புவாள். நேரில் சொல்லத் தைரியமில்லை. பட்டியலை மடித்து, வாசலில் அவள் காலில் மாட்டிப்போகும் சப்பாத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இரண்டு முறை எழுந்து போனேன். இரண்டு முறையும் அதை எடுக்காமல் திரும்பினேன்.