தோரண ஆணி

மார்ச் 11, புதன்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. மாங்காய் ஏற்ற வந்த லாரியால் வாசல் முழுக்கப் புழுதி. அக்கா பிரசவத்துக்கு வந்தவள். அவளுக்காகவும் குழந்தைக்காகவும் நடு அறையில் போன வாரம் ஏ.சி. மாட்டியது. அது ஓடினால் அப்பாவின் ரேடியோ கரகரக்கிறது. நிறுத்தினால் சுத்தம். மூன்று தடவை பார்த்துவிட்டேன். அப்பா ரேடியோ தலையில் ஒரு தட்டு தட்டி, கிழடு ஆகிவிட்டது என்றார்.

ரேடியோ கிழடு இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

ரேடியோவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா அறைக்குள். சுவரோரமாக நடந்தேன். ஜன்னல் பக்கம் லேசான இரைச்சல். கதவுப் பக்கம் அதிகம். சுவிட்ச் போர்டுக்கு மேலே, நிலையின் மூலையில், செய்தி வாசிப்பவர் குரலே இல்லை. வெறும் கரகரப்பு. அங்கே ஓர் ஆணி. தை மாதம் குடி புகுந்தபோது மாவிலைத் தோரணம் கட்ட அப்பா அடித்தது. ஏ.சி. ஓடும் அந்தப் போர்டுக்கு ஒயர் இறங்கும் குழாயும் சுவருக்குள் அதே இடம். ஆணியைச் சுற்றிப் பெயிண்ட் பழுப்பாக. நேர் கீழே குழந்தையின் பாய்.

அக்கா: "என்னடி, புள்ளைக்குப் பாட்டு வெக்கறயா?"

ஆமாம் என்றேன். கோழை.

பேசும்போது குளறாமல் இருக்க:
எம்.சி.பி. – ஒயர் தாங்காத அளவு கரண்ட் போனால் விழும்.
ஈ.எல்.சி.பி. – கரண்ட் வெளியே கசிந்தால் விழும்.
பாதி அறுந்த கம்பியில் பொறி பறந்தால் பக்கத்து ரேடியோ கரகரக்கும், ஆனால் இந்த இரண்டும் சும்மா இருக்கும். அதற்கு ஆர்க் பிரேக்கர் வேண்டும். எங்கள் மெயின் பெட்டியில் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

எல்லையோரம் என்பதால் எங்களுக்குக் கேரளா கரண்ட் ஆபீஸ். ஆர்க் பிரேக்கர் பற்றிக் கேட்டேன். ஓவர்சியர் நல்ல மனிதர். "அது நிர்பந்தமில்ல மோளே. ஈ.எல்.சி.பி. மதி" என்றார். கட்டாயமில்லை, இருப்பதே போதும். சில வெளிநாடுகளில் படுக்கையறைக்கு அது கட்டாயம் என்று படித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கோயம்புத்தூர் கடைக்குப் போன். ஆர்டர் போட்டால் பத்து நாள். பத்து நாள்.

நடு அறை ஒயரில் கோளாறு என்று அப்பாவிடம் சொன்னேன். உடனே மாமாவுக்குப் போன் போட்டார். மாமா, அத்தை வீட்டுக்காரர். வயர்மேன். சொந்த வீடு மாதிரி தங்கி ஒயரிங் முழுக்கச் செய்து தந்தவர். போனில் சிரித்தார்.

"ஏனம்முணி, காலேஜ் படிச்சா செவுத்துக்குள்ள பூந்து பாக்கற கண்ணு வந்துருமா?"

ஆணி அடித்தது அப்பா, ஒயர் இழுத்தது மாமா. எதைச் சொன்னாலும் யாருக்காவது நோகும்.

ஏ.சி. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அக்காவிடம் பொய். நிறுத்தினாள். மத்தியானம் குழந்தை முதுகெல்லாம் வேர்க்குரு. மறுபடி போட்டுவிட்டாள்.

மார்ச் 14, சனி

நாளை தொட்டில் போடுகிறார்கள். பந்தல், வாழை, அரிசி ஊறவைப்பது என்று வேலை. நடு அறையில் ஒரு வாசம். அம்மா மூக்கைச் சுளித்தாள். "சனிக்கெழமையுமா யாரு ஊட்டுல மீன் வறுக்கறாங்க?"

யாரும் வறுக்கவில்லை. ஒயர் மேல் பிளாஸ்டிக் சூடானால் அந்த வாசம்தான். ஏ.சி.யை நிறுத்தி ரிமோட்டை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா தேடுகிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

ரிமோட்டை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அறை நிறையச் சொந்தக்காரர்கள், ஏ.சி. ஓடுகிறது. தோரணம் கட்ட மாமா ஸ்டூல் மேல். ஆணி ஆடுகிறது என்று சுத்தியல் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். அக்கா மடியில் குழந்தை, ஸ்டூலுக்கு ஒரு முழம் தள்ளி.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். ஃபேன், ஏ.சி., மைக்செட், எல்லாம் நின்றது. எல்லார் கண்ணும் என்மேல்.

"கரண்ட் போச்சா?" யாரோ.

"நாந்தானுங்க நிறுத்துனேன்." என் குரலா அது. "அதை அடிக்காதீங்க மாமா. புடுங்கிப் பாருங்க."

அப்பா முகம் கறுத்தது. மாமா கட்டிங் பிளேயரால் ஆணியை இழுத்தார். முனை இல்லை. உருகி, கரி மணி மாதிரி. பின்னாலேயே அந்த மீன் வாசம்.

மாமா ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த லைனைப் பெட்டியிலேயே கழற்றிவிட்டுத்தான் மெயினை ஏற்றவிட்டார். தொட்டில் அடுத்த அறையில். தோரணம் ஜன்னல் கம்பியில்.

மார்ச் 17, செவ்வாய்

மேகம், மழை இல்லை. நேற்று மாமா சுவரை உடைத்துப் புது ஒயர் இழுத்தார். பிரேக்கர் பெயரை என்னிடம் எழுதி வாங்கினார். அப்பா இன்னும் நேராகப் பேசவில்லை. ஆனால் எல்லா அறையிலும் நிலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறார்.

இப்போது மாமா போன். அவர் வீட்டு நிலையில் மூன்று ஆணியாம்.

"அந்த ரேடியோவ எடுத்துட்டு வா சாமி."