நான்காம் எண் கல்

சின்னாளப்பட்டி
16.6.2025

என்னங்க,

நானும் அம்மாவும் நலம். உங்களை விசாரித்தால் 'நலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று மே மாதம் செய்தி அனுப்பினீர்கள். சரி என்றேன். அதற்காக ஒரு தடவைகூடப் போனை எடுக்காமல் இருப்பது கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது ஒரு வேலை. ஒன்பதாம் வகுப்புக்குப் படிவுப் பாறை நடத்த வேண்டும். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் மலைக்கோட்டைப் பாறை மாதிரி கெட்டிக் கல்தான். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல்லைப் பிரித்துச் சொல்வதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை என்று மற்ற டீச்சர்களிடம் பெருமையடித்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்றுங்கள். சிமெண்ட் ஏற்ற அங்கே வருகிற முத்துச்சாமி அண்ணனிடம் கொடுத்தால் லாரியில் கொண்டு வந்துவிடுவார். அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அப்பாவின் முதலாண்டுத் திதி ஆவணியில் வருகிறது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் அவரை நான் ஒருத்தியாகப் பார்த்தேன். நீங்கள் "அடுத்த வாரம் வாரேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பதினாறாம் நாள் காரியத்தில், "இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க" என்று உங்களிடம் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

தீபா


அரியலூர்
25.6.2025

அன்புள்ள தீபா,

நலம். (சிரிக்காதே.)

உன் கோபம் நியாயம். சுரங்கத்தில் துளை போடும் வேலை நடக்கிறது என்று அப்போது சொன்னேன். வேலை நடந்தது உண்மை, ஆனால் வர நினைத்திருந்தால் வந்திருக்கலாம். மாமாவை அந்தக் கட்டிலில் பார்க்கப் பயந்தேன்.

நான்கு கல் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளிடம் இப்படிச் சொல். மலை உடைகிறது, உடைந்ததை ஆறு அள்ளிக்கொண்டு போகிறது. வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல்லைப் போடும், பிறகு மணல், கடைசியாகத்தான் மெல்லிய சேறு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, மேல்பாரம் அழுத்தி, நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறி, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பசையாக இறுகினால் பாறை.

வகை மூன்று. உடைந்த துகள்கள் சேர்ந்தது ஒன்று. தண்ணீரில் கரைந்திருந்தது பிரிந்து படிந்தது ஒன்று. உயிர்கள் விட்டுப்போன ஓடும் எலும்பும் சேர்ந்தது மற்றொன்று. இந்த ஊர் ஒரு காலத்தில் கடல், அதனால் சிப்பிக்குப் பஞ்சமில்லை. எண் ஒன்று மணற்கல். இரண்டு சிப்பி பதிந்த சுண்ணாம்புக்கல். மூன்று ஜிப்சம். நான்கு களிப்பாறை.

துகள் பாறையை மணியின் அளவை வைத்துத்தான் பிரிப்போம். மணலைக் கண்ணால் பார்த்துவிடலாம். வண்டலையும் களியையும் பார்த்துப் பிரிக்க முடியாது. கழுவிவிட்டு ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். நறநறத்தால் வண்டல் பாறை, வழவழத்தால் களிப்பாறை. கல்யாணமான புதிதில் நம் வாசல் கல்லை நான் கடித்துப் பார்த்ததும், அத்தை உன்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்ததும் நினைவிருக்கிறதா?

முறுக்கை ஆபீஸில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். அத்தையிடம் சொல்.

முகேஷ்


சின்னாளப்பட்டி
7.7.2025

என்னங்க,

பாடம் நடத்திவிட்டேன். சிப்பிக் கல்லைக் கையைவிட்டு இறக்கவே பிள்ளைகளுக்கு மனமில்லை. நான்காம் எண்ணைக் கழுவி, சுரண்டி, பேச்சாயி என்கிற பெண்ணிடம் கொடுத்தேன். கடித்துவிட்டு, "டீச்சர், நறநறங்குது" என்றாள். சேட்டை என்று நினைத்தேன். இன்னும் நாலு பேர் கடித்தார்கள். பிறகு நானே கடித்தேன். அது வண்டல் பாறை. களியே இல்லை.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் ஃபெயில் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பதினோரு வருஷமாக உங்களைப் பார்க்கிறேன். பிறந்தநாளை மறப்பீர்கள், கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறப்பீர்கள். கல்லைக் கடிக்காமல் பெயர் எழுத மாட்டீர்கள். சோற்றில் கல் கிடந்தால்கூட என்ன கல் என்று சொல்லிவிட்டுத்தான் துப்புவீர்கள். இதை ஏன் கடிக்கவில்லை? அம்மாவின் முறுக்கு என்றால் டப்பாவை ஒளித்துவைக்கிற ஆள், அதை ஏன் ஆபீஸுக்குக் கொடுத்தீர்கள்? போனை ஏன் எடுப்பதில்லை?

உங்கள் வாய்க்கு என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையை எழுதுங்கள்.

தீபா


அரியலூர்
11.7.2025

தீபா,

கன்னத்தின் உள்ளே ஒரு புண் ஆறாமலே இருந்தது. சோதித்ததில் புற்று என்று வந்தது. மே மாதம் திருச்சியில் அறுவை செய்தார்கள். முழுதும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இப்போது கதிர் சிகிச்சைக்குத் தினமும் போய்வருகிறேன், நான்கு வாரம் பாக்கி. கஞ்சிதான் சாப்பாடு. பேச்சு குழறுகிறது. போனை எடுத்திருந்தால் முதல் சொல்லிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

மாமா கிடந்தபோது நான் வரவில்லை. இன்று எனக்கு ஒன்று என்றதும் உன்னைக் கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? குணமான பிறகு வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். ஒரு கல் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான்காம் எண்ணைத் திருத்திவிடு.

முகேஷ்


16.7.2025

என்னங்க,

இதைத் தபாலில் போடவில்லை. திருச்சி தாண்டி, பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

உரிமையாம். நேற்று முழுக்க அழுதேன், உங்களைத் திட்டித் தீர்த்தேன், பிறகு ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு வராதது தப்புத்தான். அதற்கு ஆற அமரச் சண்டை போட வேண்டும், அதற்கு நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆவணியில் அப்பாவுக்குப் படையல் போடும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்கிறீர்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்ததும் ஏதாவது சொல்ல முயல்வீர்கள். வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள். வாசப்படி ஏறாதீங்க என்று சொன்னவள், உங்கள் வாசப்படியில் நிற்கிறேன்.

படித்தாயிற்றா? கொஞ்சம் நகருங்கள். பையில் மிக்ஸி இருக்கிறது, கனக்கிறது.

தீபா