செருப்பின் கடைசி மூச்சு

அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன்: என் புதுச் செருப்பு இன்று தாத்தாவின் சளியில் மூழ்கிக் காலமானது.

பித்தப்பைக் கல்லை எடுக்கும் ஆபரேஷனை அவரது தொண்ணூற்றிரண்டு வயது இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். எச்சில் வாடை அடிக்கும் குழாயை நீட்டி, "ஊதுங்க தாத்தா" என்றார் நர்ஸ்.

"ஊதறத விட்டு நாப்பது வருஷமாச்சும்மா."

ஊதினார். காற்றைவிடக் கோழைதான் அதிகம் வந்தது, கொழகொழவென்று, பச்சையாக, நேராக என் செருப்பின் மேல். உவ்வே.

"மூச்சு பத்தல. ஆபரேஷன் கஷ்டம்" என்றார் டாக்டர்.

"அப்ப வலியோடயே கெடக்கணுமா?" என்றார் தாத்தா.

நான் அசராமல் நின்றதாக அம்மாவிடம் அளந்திருக்கிறேன். உண்மையில், குனிந்து செருப்பைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். தாத்தாவுக்கென்று வைத்திருந்த சக்கர நாற்காலியில் என்னை ஏற்றி, வராந்தா முழுக்க அவரே தள்ளிக்கொண்டு ஓடினாராம். "இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?" என்று டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்.

தாத்தாவின் 'தள்ளு'படியில் வீடு திரும்பிய,
உன் தம்பி