தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

1967 நவம்பர் 27

அப்பா இன்று கைத்துப்பாக்கியைக் கூடத்து மேஜையில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரைச் சுடுவதற்கு என்று கேட்கவும் இல்லை. "கனமா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது. லைசன்ஸுக்காக அப்பாவும் சித்தப்பாவும் மாதக்கணக்கில் தஞ்சாவூருக்கு அலைந்தார்கள். குண்டுகளை அடுக்கிய சின்னக் கூடு ஒன்று பிடிக்குள் அடியிலிருந்து நுழைகிறது. அதற்கு மேகஸின் என்று பெயர். அதிலுள்ள ஸ்பிரிங் குண்டுகளை ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டும். துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால் அது முன்னே வரும்போது ஒரு குண்டைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து இதை அப்பாவுக்கு விளக்கியவள் நான். திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து பி.ஏ. படித்ததற்கு வீட்டில் கண்ட முதல் உபயோகம்.

அம்மா தூணருகே நின்று பார்த்தாள். "வீரையன் அரை லிட்டர் நெல்லு கூடக் கேட்டதுக்கா இது?"

"அரை லிட்டர் இல்ல ஆனந்தம். கேட்டான் பாரு, அதுக்கு."

வீரையன் எங்கள் வயலில் அறுக்கிறவர்களின் சங்கத் தலைவர். அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரை லிட்டர் கூலி கூட்டினால்தான் தை அறுப்புக்கு அரிவாள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார். வெளியூர் ஆளை வைத்து அறுப்பேன் என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சொல்லிவிட்டதுதான் சங்கடம். வீட்டில் எல்லாருக்கும் வீரையன் 'அவன்'. இந்த நோட்டில் மட்டும் 'அவர்'. அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் 3

நாகேஸ்வரன் சித்தப்பா பட்டுக்கோட்டையிலிருந்து வந்தார். அவருக்கு அங்கே தேங்காய் மண்டி. கையில் எண்ணெய் டின்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லையில் பரீட்சை நடந்தது. குறி வைத்தது வாழை மரத்துக்கு. பட்டது எதில் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் குண்டுகள் தடங்கலில்லாமல் ஏறின. அப்பாவுக்குப் பரம திருப்தி. துடைத்து எண்ணெய் போட்டு வைக்கலாம் என்று பார்த்தால், வெள்ளைக்காரர் கொடுத்த புட்டியில் ஒரு சொட்டு இல்லை.

"அதுக்கு என்ன அண்ணே? செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய் இருக்கு. இதுக்கு ஓடாத சாமான் உலகத்துல கிடையாது."

மெல்லிய எண்ணெய்தான் போட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. அப்பா எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "தண்ணியா ஓடுது. இதைவிட மெல்லிசு எங்கே இருக்கு?"

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக அவர் சொன்ன எதையும் அம்மா சரி என்று சொன்னதில்லை.

டிசம்பர் 18

மார்கழி. விடியும்போது அப்பா கொல்லையில் சுட்டுப் பார்த்தார். சுட்டார் என்பது தப்பு. மேல்பாகத்தை இழுத்தார், விட்டார், விசையை அழுத்தினார். டிக். குண்டு கூட்டை விட்டு மேலே வரவே இல்லை. மறுபடி டிக். மரத்திலிருந்த காக்கைகூடப் பறக்கவில்லை.

மத்தியானம் எடுத்தார். முதல் இழுப்பிலேயே வேலை செய்தது.

டிசம்பர் 20

காலையில் டிக். மத்தியானம் டுமீல்.

டிசம்பர் 21

வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் துரைக்கண்ணு, "காலம்பற எமகண்டம் இருக்குங்க, அதைப் பார்த்து எடுக்கணும்" என்றார். தினமும் விடியற்காலையில் எமகண்டம் ஏது என்று அப்பா கேட்டதற்கு, "துப்பாக்கிக்கு வேற கணக்கா இருக்கும்ங்க." சித்தப்பாவின் முடிவு: குண்டில் ஈரம். அம்மா வடகம் காயவைத்த துணியிலேயே ஒரு ஓரமாகக் குண்டுகளையும் பரப்பினார்கள். காக்கை விரட்டும் வேலை எனக்கு. கையில் குச்சி, மடியில் ஒரு நாவல், எதிரே வடகமும் குண்டும். நான் படித்த நாவல்களில் துப்பாக்கி நிறைய வருகிறது. ஒன்றிலும் இப்படி ஒரு கட்டம் இல்லை.

வெயிலில் காய்ந்த குண்டுகள் மத்தியானம் நன்றாக வெடித்தன. "பார்த்தீங்களா? ஈரம்தான்" என்றார் சித்தப்பா. நாளைக் காலையில் என்ன ஆகும் என்று எனக்குக்கூடத் தெரியாது.

டிசம்பர் 24

காயவைத்த குண்டுகளும் காலையில் டிக்தான். இன்று காலை தலை வாரிக்கொள்ளப் புட்டியைக் கவிழ்த்தேன். எண்ணெய் விழவில்லை. வெள்ளையாக, மெழுகு மாதிரி உறைந்து நின்றது. வழக்கம்போல வெயிலில் வைக்க எடுத்துப் போனேன். முற்றத்தில் கால் எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஸ்பிரிங், அந்தக் கூடு, ஒவ்வொரு குண்டின் மேலும் சித்தப்பா தாராளமாகத் தடவிய மண்டி எண்ணெய். விடியற்காலையில் எல்லாம் ஒரே கட்டி. எந்த ஸ்பிரிங் அதைத் தள்ளும்?

அப்பா இரண்டு தப்படி தூரத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

1968 ஜனவரி 9

சொல்ல வேண்டுமா?

சொன்னால் துப்பாக்கி சரியாகிவிடும். அறுப்பு விடியலில்தான் தொடங்கும். வீரையன் ஆட்கள் வரப்பை மறிப்பார்கள், அப்பா நீட்டுவார், நீட்டினதை மடக்கத் தெரியாத மனுஷர். யாராவது சாவார்கள். சொல்லாவிட்டால், அரிவாள் பிடித்த அத்தனை பேருக்கு எதிரே அப்பா வெறும் இரும்புத் துண்டோடு நிற்பார். அவர்கள் கை ஓங்கினால்? படித்த புத்தகங்களில் இதற்கெல்லாம் நியாயம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவற்றில் வருகிற ஒருவர்கூட என் அப்பா இல்லை. இது என்ன படிப்போ.

ஜனவரி 18

பொங்கல் கழிந்தது. நெல் தலை சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை அறுப்பு.

சித்தப்பா எங்கே கேட்டு வந்தாரோ. "அண்ணி, தையல் மெஷினுக்குப் போடுற எண்ணெய் இருக்கா? அது போட்டாச் சரியாயிடும்ங்கிறான் பட்டுக்கோட்டை சைக்கிள் கடைக்காரன்."

மெஷின் இழுப்பறையில் புட்டி முக்கால்வாசி இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"தீர்ந்து போச்சே தம்பி" என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "பொங்கலுக்கு எத்தனை பாவாடை தைச்சேன்."

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். புட்டி இல்லை. சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது பூஜை அலமாரியில், குத்துவிளக்குக்குப் பின்னால், குங்குமச் சிமிழோடு நின்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"என்னடி பார்க்கிறே? முப்பது வருஷமா மார்கழியில தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். உறையறது எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்." திரியைத் தூண்டினாள். "ராத்திரி துப்பாக்கியைக் குளிர்ச்சியா தண்ணிப் பானைக்குப் பக்கத்துல எடுத்து வைக்கிறது யாருன்னு நினைச்சே?"

"அம்மா, அவங்க அப்பாவை ஏதாவது செஞ்சுட்டா?"

அம்மா சாமியைப் பார்த்து நின்றாள்.

ஜனவரி 22

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நல்ல பனி. கொல்லைக் கடைசியில் வைக்கோல் போர் மறைவில் நானும் அம்மாவும் நின்றோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் வயல். பேசுவதெல்லாம் கேட்டது. சாலையில் சித்தப்பா கொண்டுவந்த வெளியூர் ஆட்கள் லாரியை விட்டு இறங்காமல் நின்றார்கள். வரப்பு நெடுக வீரையன் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, அரிவாளைத் துணியில் சுற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வழியை விடு வீரையா. ஆளு இறங்கட்டும்."

"இறங்கட்டும்ங்க. எங்களை மிதிச்சுக்கிட்டுப் போகட்டும்."

அப்பா மப்ளருக்குள்ளிருந்து அதை எடுத்தார். "முதல் குண்டு வானத்துக்கு. அடுத்தது வானத்துக்கு இல்ல." கையைத் தூக்கினார். இழுத்தார், விட்டார், அழுத்தினார்.

டிக்.

மறுபடியும் இழுத்தார். டிக்.

"அண்ணே, அடியில ஒரு தட்டுத் தட்டுங்க" என்றார் சித்தப்பா. அப்பா தட்டினார். மேகஸின் கழன்று சேற்றில் விழுந்தது.

வீரையன் மனைவி அம்சம்தான் வாயைத் திறந்தாள். "பாவம், பனியில அதுக்கும் நெஞ்சு கட்டிக்கிச்சு போல."

முதலில் சிரித்தது லாரியிலிருந்த ஆட்கள், அப்பா கூலி கொடுத்து வரவழைத்தவர்கள். பிறகு எல்லாரும். அப்பாவின் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். துப்பாக்கியைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

வீரையன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, சேற்றிலிருந்து மேகஸினை எடுத்து, தோள் துண்டில் துடைத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்தார். அப்பாவிடமே நீட்டினார். "உக்காருங்கய்யா. பனி விலகட்டும். பேசிக்கலாம்."

அப்பாவுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உட்கார்ந்தார், அதே வரப்பில். மேகஸினைத் திரும்பச் செருகி, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். அவர் கால் லிட்டர் என்றார். வீரையன் அரை என்றார். குரல்கள் மறுபடி ஏறின.

அம்மா என் கையைப் பிடித்தாள். தென்னை உச்சியில் வெயில் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தில் இறங்கியது. "மதுரம், வெயில்" என்றாள். அவ்வளவுதான்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அறுப்பு வயலுக்கு இந்த வீட்டுப் பெண் போனதில்லை. போனேன். வரப்பில் எல்லாரும் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"அப்பா, சேறு பட்டிருக்கு. கொடுங்க. துடைச்சுக் கொண்டாரேன்."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. கொடுத்தார்.

"அப்படியே கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கொண்டாம்மா" என்றார் சித்தப்பா.

"சரி சித்தப்பா."

கொண்டுபோகவில்லை. துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, காப்பியைத்தான் கொண்டுபோனேன். காப்பி தீர்வதற்குள் அரை லிட்டர் என்று முடிந்தது. லாரிக்காரர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அரிவாள்கள் துணியிலிருந்து வெளியே வந்து வேலைக்குப் போயின.

இதோடு முடிந்திருக்கலாம். துப்பாக்கிப் புத்தகம் முழுவதையும் படித்தவளுக்கு மேகஸினைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. துவைக்கிற கல்லில் உச்சி வெயில் அடித்தது. சித்தப்பா கை கழுவ வந்தவர் அதை எடுத்தார். இழுத்துப் பார்த்தார். "இப்ப நல்லா இழுபடுதே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. சும்மா அழுத்தியிருக்கிறார்.

நெல் அவிக்கிற அண்டாவில் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியது. அடுப்பு மூட்ட அம்மா அப்போதுதான் அதனருகிலிருந்து உமி எடுக்கப் போயிருந்தாள்.

சித்தப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வயலிலிருந்து அப்பா ஓடி வந்தார். அடுப்பின்மேல் இருந்த அண்டாவின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு முறத்தோடு நிற்கிற அம்மாவைப் பார்த்தார். ஓட்டை அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வயலில் குனிந்து அறுக்கிறவர்கள் தெரிந்தார்கள்.

"இது காலம்பற வெடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பிப்ரவரி 11

அறுப்பு முடிந்தது. கலத்துக்கு அரை லிட்டர் கூட அளந்தார்கள். அண்டாவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டாயிற்று. இன்னும் கசிகிறது.

அப்பா நேற்று திருத்துறைப்பூண்டி போய்த் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். பழுது ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். "காலம்பற வேலை செய்யாது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

தையல் மெஷின் எண்ணெய் இழுப்பறைக்குத் திரும்பிவிட்டது.