பின்வளவில் முளைத்தவை

மே 18
கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாயெல்லாம் மணல். புருஷனை இழந்து, நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் வீட்டோடு இத்தா இருப்பவளுக்குப் போக இடமேது? அடுப்படிக் கதவைத் திறந்து பின்வளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பைமேனி, நாயுருவி, மூக்குத்திப்பூ. கிணற்றடியில் ஓர் எருக்கலை. அவர் இருந்திருந்தால் ஒன்றையும் விட்டுவைத்திருக்கமாட்டார். சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் குந்தியிருந்து பிடுங்குவார். மௌத்தாகி ஆறு கிழமை. இதெல்லாம் அவர் போன பிறகு முளைத்தவை.

ஜூன் 2
தும்பி மூன்று. ஒன்று சிவப்பு.

ஜூன் 21
மருமகன் அஸ்கி பின்வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கப் போகிறாராம். மகள் றுஸ்தாதான் சொன்னாள். "பாம்பு கீம்பு வந்தா என்ன செய்யிற உம்மா? உங்கட இத்தா முடியட்டும், பிறகுதானே மேசன்மார உள்ளுக்கு எடுக்கலாம்."

வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. நான் என்னத்தைக் கதைக்க? எல்லோரும் என் இத்தா முடியும் நாளைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது முடிய வேண்டாம் போலிருக்கிறது. பைத்தியமா எனக்கு?

ஜூலை 15
ஒன்றும் பார்க்கவில்லை. அலுப்பு. படுத்தே கிடந்தேன்.

ஆகஸ்ட் 9
பள்ளிவாசல் கலண்டரில் பிறைக் கணக்குப் பார்த்தேன். இன்றோடு நான்கு மாதமும் பத்து நாளும் சரி. இவர்கள் இங்கிலிஷ் மாதத்தில் எண்ணி 13ஆம் திகதி என்று வைத்திருக்கிறார்கள். மேசனுக்கு 14.

சொல்லவேண்டும். சொல்லவில்லை. எருக்கலையில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட புழு ஐந்து, விடாமல் தின்கின்றன. இன்னும் நாலு நாள் கிடைத்தால் அதுகளுக்குப் போதும், எங்காவது போய்க் கூடு கட்டிவிடும். யா அல்லாஹ், இது பொய்யா?

ஆகஸ்ட் 12
றுஸ்தா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பக்கத்து வீட்டு ஸாலிஹா மாமி சொன்னா, பிறைக் கணக்குக்கு சனிக்கிழமையே முடிஞ்சிட்டாம்."

"ஓம்."

"தெரிஞ்சிக்கிட்டேயா இருந்தீங்க?"

"உங்கட வாப்பா போன பிறகு முளைச்சதும்மா. அதையும் பிடுங்கிட்டா..." முடிக்க ஏலவில்லை. அழுதுவிட்டேன். இந்த நாலு மாதத்தில் அவளுக்கு முன்னால் இதுதான் முதல் தடவை.

எழும்பும்போது சொன்னாள்: "உங்கட மருமகன்கிட்ட நான் சொல்லல்ல."

ஆகஸ்ட் 14
மேசன்மார் இருவர். நாயுருவி போயிற்று, மூக்குத்திப்பூ போயிற்று. பின்னேரத்துக்குள் வளவெல்லாம் கல். கிணற்றடியில் மட்டும் மூன்று அடி மண்.

"தண்ணி இறங்க இடம் வேணுமாம் மாமி. றுஸ்தாட பிடிவாதம்" என்றார் மருமகன்.

எல்லோரும் போன பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். எருக்கலை நிற்கிறது. இலையில் புழு ஒன்றையும் காணவில்லை. அடியில் ஒரு கோரை தலைகாட்டியிருந்தது. குந்தி, அதை வேரோடு பிடுங்கினேன், அவர் பிடுங்குகிற மாதிரி.