சினை மாட்டுப் பால்

வியாழன், ஆடி 9.

என் பொண்ணு ஒன்பது வயசுலயே பெரியவளாயிட்டா. திருநின்றவூர்லேர்ந்து பாக்க வந்த நாத்தனார் எங்க மாட்டைக் காட்டி, "இன்னா அண்ணி, சினை மாட்டுப் பாலையா பொண்ணுக்குக் குடுத்துக்கினு இருந்தே? அதுல ஹார்மோன் ஜாஸ்தியா கீதாம்"னு கேட்டுச்சு. ஏழு மாசச் சினை வரைக்கும் கறக்கறது இங்க எல்லார் ஊட்லயும் நடக்கறதுதானே?

கும்மிடிப்பூண்டி டாக்டரம்மாகிட்ட போனேன். "சினைப்பால்ல கொஞ்சம் அதிகம்தான். ஆனா பெரும்பாலும் வயித்துலயே செரிச்சுடும். பாலாலதான்னு சொல்ல முடியாது. தாராளமா குடுங்க"ன்னாங்க. அப்போ ஏன் இவ்ளோ சீக்கிரம்? "டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்"ன்னாங்க.

யாரை நம்பறது? சாயங்காலம் பொண்ணுக்குப் பால் குடுக்கல, கேழ்வரகுக் கஞ்சி குடுத்தேன். "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"னு கேட்டா.

அப்புறம் பக்கத்து ஊட்டு ஸ்டெல்லா தூக்குப் பாத்திரத்தோட பால் வாங்க வந்துச்சு. அது பொண்ணுக்கு எட்டு வயசு. "அக்கா, உங்க பால் இல்லாட்டி பாப்பாவுக்குத் தூக்கமே வராது"ன்னு சிரிச்சுச்சு. எம் பொண்ணுக்குப் பாலை நிறுத்தினதைச் சொல்லல. எப்பவும்போல அளந்து, கொசுறும் ஊத்தினேன்.