பெட்டியிலிருந்து நான் எடுத்த இருபத்திரண்டு சீட்டுகள்

செப்டம்பர் 15, திங்கள்

நீயே சொல்லு பெருமாளே, தானாகச் சாத்திக்கொண்ட கதவில் கை மூன்று இடத்திலா ஒடியும்? ஹாரிகா நேற்று பீளமேட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். செத்துப்போன என் தம்பியின் மகள், நான் வளர்த்த பெண். வலது கையில் மாவுக்கட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மாற்றுத்துணி கூட இல்லை. கதவு சாத்திக்கிச்சு என்றாள். சாயங்காலம் தலை வாரும்போது, யாரு சாத்துனது கண்ணு என்று கேட்டேன்.

"அவருதானுங்க அத்தை. ரண்டு தடவை."

அவர் என்றால் ரவிதேஜா. அவள் புருஷன்.

செப்டம்பர் 16

பெட்டிக்குள் சீட்டுகள். ரம்மிச் சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம் – பூதம், குதிரைவீரன், காடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கல்லூரியில் பிடித்த பழக்கம். ரவிதேஜாவும் இதை ஆடுகிறவன்தான், பழகியதே அதில்தான். அவன் யாரிடமும் இல்லாத சீட்டாக வாங்கி வைத்துக்கொண்டு எல்லாரையும் அடிப்பானாம்.

இவள் பெட்டியில் அந்தப் பேச்சே இல்லை. யாரும் சொந்தச் சீட்டு கொண்டுவரக் கூடாது. எட்டுப் பேர் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்குப் பதினைந்து சீட்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும், பந்தியில் பலகாரத் தட்டு போகிற மாதிரி. தீர்ந்ததும் மறுபடி ஆளுக்குப் பதினைந்து. இப்படி மூன்று சுற்று. சேர்ந்ததை வைத்துத்தான் ஆட்டம். எந்த முந்நூற்று அறுபது சீட்டு உள்ளே இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்ப்பாள், கழிப்பாள்.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டில்தான் முதல் ஆட்டம். சிநேகிதர்கள் முன்னால் இவளிடம் அவன் தோற்றுப்போனான். அவர்கள் போனதும் கதவு.

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்துவிட்டது. ரவிதேஜா போன் செய்தான். 27ஆம் தேதி வந்து கூட்டிப்போகிறானாம். சரிங்க மாப்பிள்ளை என்றேன். என்ன செய்ய? ஆடிக்கு வந்தவள், அவர் கோபக்காரருங்க அத்தை என்றபோதும் நாலே நாளில், அனுசரிச்சுப் போ கண்ணு என்று அனுப்பிவைத்தவள்தானே நான்.

செப்டம்பர் 19

ஒரு கையால் முடியவில்லை என்று சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் வேலையை என்னிடம் கொடுத்தாள். போட உட்கார்ந்தால் – ஐயோ! ஒன்றில் தலை வெட்டு. ஒன்றில் இடி விழுந்து ஒருத்தன் எரிகிறான். ஒன்றில் நெஞ்சில் ஈட்டி. புரட்டாசியில் முட்டை கூட உள்ளே வராத ஊடு இது. அப்படிப்பட்டதாக இருபத்திரண்டு சீட்டைப் பொறுக்கிப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கணக்கு குறையாமல் அவள் கழித்துப் பெட்டி அடியில் போட்டிருந்ததிலிருந்து மாடு, மரம், ஆறு என்று நல்ல படமாக இருபத்திரண்டு சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஹாரிகாவின் ஆபீஸ் சிநேகிதி யுஸ்ரா ஏழு பேரோடு வந்தாள். பெட்டியை ஆடிப் பார்த்தார்கள். நான் சுண்டல் கொடுத்தேன். யாரோ ஒரு பெரிய பூதத்தை இறக்கினார்கள். அது எல்லாரையும் மிதித்தது. அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒருவரும் சிரிக்கவில்லை. "நல்லாத்தானடி இருந்துச்சு, என்ன பண்ணுனே?" என்று யுஸ்ரா கேட்டுவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு இவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு இதும் வரலீங்க அத்தை. அவரு சொல்றது சரிதான். நான் போயர்றேன். – இப்படிச் சொல்லிவிட்டாளே.

செப்டம்பர் 22

காலையில் விளக்கேற்றினேன். படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அத்தை, இதெல்லாம் கொல்றதுக்கில்லீங்க. நிறுத்தறதுக்கு. இது இல்லீன்னா பெருசு வெச்சிருக்கறவன் அடிச்சுட்டே இருப்பான், மத்தவங்க பாத்துட்டே இருக்கோணும்."

நான் மாட்டையும் மரத்தையும் பொறுக்கி எடுத்தேன். அவள் ஒற்றைக் கையால் இருபத்திரண்டையும் உள்ளே செருகினாள். போகிறேன் என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. அவனிடம் சரிங்க என்று சொன்னவள் நான் அல்லவா? திரும்பப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிப்போடுகிறேன்.

புரட்டாசிச் சனிப் பிச்சைக்குச் சொம்புக்கு நாமம் போட்டு, பிடி அரிசி போட்டு, கோவிந்தா சொல்லி நாலு வீடு போகக் கிளம்பி நின்றேன். பத்து மணி. ரவிதேஜா வந்தான். கிளம்பு என்றான். வரலீங்க என்றாள். பெட்டியைப் பிடுங்கித் தண்ணித் தொட்டிக்குள் கவிழ்த்தான். அவள் ஓடினாள். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். கட்டு விரிசல் விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தினது மனுஷச் சத்தமே இல்லை.

மாப்பிள்ளை, விட்ருங்க. மாப்பிள்ளை, உட்ருங்க. மூணு தடவை சொன்னேன் பெருமாளே, நீ கேட்டாய். நாலாவது தடவைக்குச் சொம்பை அவன் காதோடு சேர்த்து எறக்கிப்போட்டேன். அரிசி வாசலெல்லாம். அவன் என் வயிற்றில் உதைத்தான். விழுந்தேன். சொம்பை விடவில்லை. முழங்காலில் ஒன்று. குனிந்தான், வாயில் ஒன்று. பல் அரிசியில் விழுந்தது. இன்னும் அடிச்சேன். எத்தனைன்னு தெரியலை. பக்கத்துப் பட்டறையில் தறி நின்றது. தறிக்காரி செவ்வந்தியும் மற்றவர்களும் ஓடிவந்து என்னைத்தான் பிடித்தார்கள், அவனை இல்லை.

கடைசி வரைக்கும் "வாங்க, எந்திரிங்க மாப்பிள்ளை" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்தேனாம். செவ்வந்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் வாசலில் சிந்தின அரிசியைக் கூட்டினேன்.

செப்டம்பர் 28

மகளிர் காவல் நிலையத்தில் ஹாரிகா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். நான் அடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். நெளிந்த சொம்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 30

உறை போட்டிருந்ததால் சீட்டுகள் பிழைத்தன. ஒன்பதுதான் போச்சு. கொடியில் துணிக் கிளிப்பு மாட்டிக் காயவைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். இன்று எட்டுப் பேர் ஆட்டம். செவ்வந்தியும் ஒரு ஆள். யுஸ்ரா பெரிய பூதத்தை இறக்கினாள். செவ்வந்தி ஈட்டிச் சீட்டைப் போட்டாள். பூதம் போய்விட்டது. என்ன கூச்சல், என்ன சிரிப்பு. ஹாரிகா கலைக்கும்போது மட்டும் வலது கைவிரல் மடங்காமல் சீட்டு சிந்தியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது எழுத உட்கார்ந்ததும்தான் ஞாபகம் வருகிறது. ஆடியில் அவளைத் திருப்பி அனுப்பிய அன்று பிரசாதக் குங்குமம் கொடுத்தேன். இடது கையை நீட்டினாள். சாமி குங்குமத்த வலது கைல வாங்கு அம்மணி என்று அதட்டினேன். முந்தானைக்குள்ளிருந்து மெதுவாக நீட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.